டிரங்க்கால் அண்ணாச்சியின் இரைச்சல்

எழுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸில் இரண்டு ஒலிபரப்பு நிலையங்கள் இருந்தன. ஒன்று அரசாங்கத்துக்குச் சொந்தமானது. அதற்கு மின்சாரம் தேவைப்பட்டது. இன்னொன்று டிரங்க்கால் அண்ணாச்சி. தி.நகர் பனகல் பார்க் பக்கத்தில் இருந்த தம் ஜவுளிக்கடையின் கல்லாவில் உட்கார்ந்தபடி "ஏலே, அந்தப் பச்சைக் கரையை இறக்கு" என்று அவர் சொன்னால், மாடியிலிருந்து பச்சைக் கரைப் புடவை இறங்கும். எதிர்ச்சாரிப் பாத்திரக் கடையில்கூட எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு அண்டாவை இறக்கி வைப்பார்கள்.

இவரை நான் சந்தித்தது ஜவுளிக்கடையில் இல்லை, மீனம்பாக்கத்தில் விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுத்த ஒரு கிளப்பில். நானும் அங்கே படித்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். மயிலாப்பூர் குளத்தங்கரைச் சந்தில் பிறந்து, டைப்ரைட்டிங் முடித்த பெண்ணுக்கு அடுத்தது கல்யாணம்தான் என்று தெருவே முடிவு செய்திருந்த நேரத்தில், ஆகாயப் பைத்தியமான என் அப்பா அரசாங்க உதவித்தொகைக்கு எழுதிப்போட்டு என்னை அங்கே சேர்த்துவிட்டார். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தை பிறப்பதற்குள் லைசென்ஸ் வரவேண்டும். வராவிட்டால் ஜாதகத்தை வெளியே எடுத்துவிடுவாள். கும்பகோணத்தில் ஒரு வரன் ஏற்கெனவே தயாராகக் காத்திருந்தது.

விமானம் எனக்குச் சொன்னபடி கேட்டது. என் குரல்தான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பெண் குரல் கூடத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். "எங்காத்துப் பொண்ணு பேசினா பக்கத்துல இருக்கிறவாளுக்கே கேக்காது" என்று அம்மா ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெருமையோடு நான் விமானத்தில் ஏறி, விமான நிலையத்துக் கட்டுப்பாட்டு டவரை மைக்கில் கூப்பிட்டால், எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கேப்டன் தலையில் அடித்துக்கொள்வார்.

"இது டவருக்குப் போகலைம்மா. மைக்குக்கே போகலை."

இந்த நிலைமையில்தான் அண்ணாச்சி வந்து சேர்ந்தார். நாற்பது வயதில், எட்டு முழ வேட்டியோடு. அவர் விமானம் கற்க வந்ததற்கு ஒரு வியாபாரக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய தீபாவளிக்குத் தம் கடை நோட்டீஸை ஆகாயத்திலிருந்து தூவ அவர் ஒரு சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்தார். ஓட்டினவர் காற்றைக் கணக்குப் பண்ணாமல் கொட்டியதில் பாதி நோட்டீஸ் அடையாற்றில் மிதந்தது, மீதி கடலுக்குப் போயிற்று. அந்த வருஷம் தி.நகர்க்காரர்கள் யாருக்கும் நோட்டீஸ் கிடைக்கவில்லை. பாலவாக்கத்து மீனவர்கள் மட்டும் நனைந்த காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, அதில் போட்டிருந்த தள்ளுபடி எங்கே என்று கேட்டார்கள். அண்ணாச்சி கொடுத்தார். கொடுத்துவிட்டு, "அடுத்தவன் கையை நம்பினா இப்படித்தான். நானே ஓட்டுதேன்" என்று கிளம்பி வந்துவிட்டார்.

அவர் முதல் முறை டவரைக் கூப்பிட்ட நாள் கிளப்பில் எல்லோருக்கும் நினைவிருக்கும். விமானம் தரையில்தான் நின்றது. அண்ணாச்சி ஹெட்ஃபோன் மைக்கை வாயிலிருந்து எட்ட வளைத்துவிட்டு, கண்ணை இறுக மூடி, நெஞ்சு நிறைய மூச்சு வாங்கி, தம்முடைய ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொன்னார். ஓடுபாதையோரம் மேய்ந்த கொக்குகள் ஒட்டுமொத்தமாக எழுந்தன. பிறகு டவரிலிருந்து மிக மரியாதையாக ஒரு குரல், "உங்கள் குரல் ரேடியோவிலும் கேட்கிறது, ஜன்னல் வழியாகவும் கேட்கிறது. ஏதாவது ஒன்றில் பேசினால் போதும்" என்றது.

கத்தியது அவர் குற்றமில்லை. டிரங்க்கால் காலத்தைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். வெளியூருக்குப் பேச எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்து, அரை நாள் காத்திருந்து, லைன் கிடைத்ததும் தெருவே கேட்கக் கத்துவோம். அண்ணாச்சி தினமும் மில்லுக்கு டிரங்க்கால் போட்டார், திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் தபாலாபீஸுக்கு வந்து காத்திருக்கும் தம் அம்மாவுக்கும் போட்டார். அதிலிருந்து அவர் கண்டுபிடித்த விதி, தூரம் ஏற ஏறக் குரலும் ஏறவேண்டும் என்பது. வேளச்சேரி ஏரிக்கு மேலே பறக்கும்போது சாதாரணமாகக் கத்துவார். கோவளம் தாண்டினால் தொண்டை நரம்பு புடைக்கும். மகாபலிபுரத்துக்குப் போனபின் அவர் பேசினதை ஆங்கிலம் என்றோ தமிழ் என்றோ யாராலும் சொல்ல முடியாது. பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருக்கும் கேப்டன் ஹெட்ஃபோனுக்குள் பஞ்சு வைத்துக்கொள்வார். கிளப் முதலுதவிப் பெட்டியில் அந்த வருஷம் பஞ்சு தங்கவே இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது. டவர் சொல்வதைப் பைலட் அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. நாங்களெல்லாம் அதில் உளறுவோம். அண்ணாச்சிக்கு அது தொட்டில் பழக்கம். அவர் கடையில் கல்லாவிலிருந்து "மாம்பழக் கலர் ஒண்ணேய்!" என்று குரல் போனால் மேலேயிருந்து "மாம்பழக் கலர் ஒண்ணேய்!" என்று திரும்பி வந்தாகவேண்டும், வராவிட்டால் புடவை இறங்காது. டவர் தரையிறங்க அனுமதி கொடுத்தால், அண்ணாச்சி அதே ராகத்தில் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்லி, கடைசியில் பழக்கதோஷத்தில் ஒரு "ஒண்ணேய்" சேர்ப்பார். டவரில் இருந்தவர்கள் அந்த "ஒண்ணேய்"க்காகவே காத்திருந்ததாகக் கேள்வி.

எங்கள் இருவருக்கும் ஒரே விமானம், ஒரே ஹெட்ஃபோன். அதன் மைக் ஒரு வளையும் கம்பியின் நுனியில் இருந்தது. என் பாடத்துக்கு அதை உதட்டில் ஒட்டும்படி வளைத்துக்கொள்வேன். அடுத்து ஏறும் அண்ணாச்சி அதைக் கன்னத்தைத் தாண்டிக் கதவுப் பக்கமாக வளைப்பார். மறுபடி நான், மறுபடி அவர். ஒருநாள் கம்பி என் கையோடு வந்துவிட்டது. கேப்டன் அதை வாங்கித் தம் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"உங்க ரெண்டு பேரையும் ஒரு குண்டான்ல போட்டுக் கலக்கி, திரும்ப ரெண்டா ஊத்தினா, எனக்கு ரெண்டு நல்ல பைலட் கிடைப்பாங்க" என்றார்.

"எனக்குச் சம்மதம் கேப்டன் சார்" என்றார் அண்ணாச்சி.

உண்மையான சண்டை மைக்கில் இல்லை. ரேடியோப் பெட்டியில் இருந்த ஒரு குமிழில்தான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். அது எல்லோருக்கும் தெரியும். அதன் பக்கத்தில் ஸ்க்வெல்ச் என்று இன்னொன்று இருக்கும். யாரும் பேசாதபோது ரேடியோ சும்மா இருக்காது, ஸ்ஸ்ஸ் என்று இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலை அடைக்கத்தான் இந்தக் குமிழ். வாசலில் கூர்க்கா போட்ட மாதிரி. அளவாகத் திருகினால் இரைச்சல் மட்டும் வெளியே நிற்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் கூர்க்கா மிடுக்காகி, தூரத்திலிருந்து சன்னமாக வரும் சொந்தக்காரர்களையும் விரட்டிவிடுவான்.

கேப்டனின் சட்டம், விமானத்தை அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது ரேடியோ சத்தமே போடக்கூடாது என்பது. அண்ணாச்சி குமிழை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு இறங்கிப் போவார். அடுத்து ஹெட்ஃபோனை மாட்டுகிறவர் அலறுவார். ரேடியோவைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் மாணிக்கம் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

"இன்னா அண்ணாச்சி, இப்டித் தொறந்து வுட்டுட்டுப் போறீங்க? காதுல தோசை சுட்டுக்கினே கீது."

"சுடட்டும்வே. இரைச்சல் இருந்தாத்தான் லைன் இருக்குன்னு அர்த்தம். டிரங்க்கால்ல பாத்ததில்லையா? கொர்ருன்னு கேட்டா எங்கம்மை அங்கன நிக்கான்னு தெரியும். சத்தமே இல்லேன்னா எக்ஸ்சேஞ்சுல பிடுங்கிட்டான். பொறவு எவன்கிட்டப் பேச?"

"இது டிரங்க்கால் இல்ல நைனா. ரேடியோ."

"எதா இருந்தா என்ன? ஒருத்தன் இங்கன இருக்கான், ஒருத்தன் அங்கன இருக்கான். அம்புட்டுதானே?"

மாணிக்கம் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். எனக்கு எப்போதும் அமைதிதான் பிடிக்கும். கேப்டன் சொல்லும் அளவுக்கு மேலேயும் ஒரு கால் திருகு திருகிவிட்டுத்தான் உட்காருவேன். காதுக்குள் உச்சிக்காலம் முடிந்து நடை சாத்திய கோயில்போல இருக்கும்.

ஐப்பசி வந்தது. லைசென்ஸுக்கு முன் பாக்கியிருந்தது ஒரே ஒரு சோதனை. தன்னந்தனியாகக் கடற்கரையை ஒட்டித் தெற்கே மரக்காணம் வரை போய்த் திரும்பவேண்டும். கேப்டன் கடைசி எச்சரிக்கை கொடுத்தார். "போற வழியெல்லாம் டவரோட பேசணும். பேச்சு இல்லேன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன். உங்கம்மா கும்பகோணத்துக்குக் கடுதாசி போட்டுக்கலாம்."

கிளம்பும்போது வானம் பளிச்சென்று இருந்தது. கோவளத்தில் பேசினேன், பதில் வந்தது. மகாபலிபுரத்தில் பேசினேன், பதில் வந்தது. அதற்கப்புறம் அருமையான அமைதி. கீழே உப்பளங்கள், இடது கைப் பக்கம் கடல். எவ்வளவு ஒழுக்கமான ரேடியோ என்று நானே மெச்சிக்கொண்டேன். மரக்காணத்தில் திரும்பிக்கொண்டு டவரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இல்லை. என் பாழாய்ப்போன குரல்தான் போய்ச் சேரவில்லை என்று நினைத்து, மைக்கைத் தின்னாத குறையாக வாயருகே வைத்துக் கூப்பிட்டேன். ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் வடக்கே பார்த்தேன். மீனம்பாக்கம் இருக்கவேண்டிய திசையில் மை கொட்டினாற்போல ஒரு மேகம் தரைவரை இறங்கியிருந்தது. அதன் வயிற்றில் மின்னல் ஓடியது. போகலாமா, நிற்கலாமா, எங்கே இறங்குவது, எதுவும் தெரியவில்லை. யாரிடமாவது கேட்கவேண்டும். கேட்க ஆளில்லை. கும்பகோணத்து வரன் பரவாயில்லை என்று ஒரு கணம் தோன்றியது. பொய் சொல்வானேன், அழுகை வந்துவிட்டது. நான் ஆசையாக வளர்த்த அந்த அமைதியைப் போல என் வாழ்க்கையில் எதுவும் என்னைப் பயமுறுத்தியதில்லை.

சத்தமே இல்லேன்னா பிடுங்கிட்டான்.

கை தானாக ஸ்க்வெல்ச் குமிழுக்குப் போயிற்று. கடைசிவரை திறந்தேன். ஸ்ஸ்ஸ் என்று காது கொள்ளாமல் இரைச்சல் பாய்ந்தது. அந்த இரைச்சலுக்கு உள்ளே, நூல் மாதிரி, டவரின் குரல் ஓடியது. பாதிச் சொல் தெரிந்தது, பாதி தெரியவில்லை. பிறகு அந்த நூலை அறுத்துக்கொண்டு தேர் வடம்போல் இன்னொரு குரல் வந்தது.

"ஏ தங்கச்சீ! கேக்குதாஆ?"

ஆகாயத்தில் ஆங்கிலத்தில்தான் பேசலாம் என்ற விதி அன்றைக்குத் திருநெல்வேலித் தமிழில் நொறுங்கியது.

"இங்கன மழை கொட்டப் போவுது! வந்துராத! மகாபலிபுரத்துக்குத் தெக்கயே, கடலோரமா வட்டம் போட்டுக்கிட்டு நில்லு! டவர்ல சொல்லச் சொன்னாவ!"

"கேக்கறது, அண்ணாச்சி" என்றேன்.

"என்னது?"

"கேக்கறது!"

"டிரங்க்கால்ல பேசுதோம் தாயி! தொண்டையைத் தொறந்து சொல்லு!"

அப்போது நான் கத்தினேன். எங்கள் கூடத்தையும் வாசலையும் தாண்டி, குளத்தின் நாலு படித்துறையையும் தாண்டிப் போகும்படிக் கத்தினேன். "கேக்கறதூ!" மேலே எங்கேயோ போய்க்கொண்டிருந்த ஒரு பெரிய விமானத்தின் பைலட், அவரும் நம்மவர் போலிருக்கிறது, "எங்களுக்கும் கேக்குது, அண்ணாச்சி" என்றார்.

மழை மீனம்பாக்கத்தைத் துவைத்துவிட்டுக் கடலுக்குப் போகும்வரை நான் வட்டமடித்தேன். பெட்ரோல் இருந்தது. டவர் சொல்லும் ஒவ்வொரு உத்தரவையும் அண்ணாச்சி கடை ராகத்தில் எனக்குத் திருப்பிச் சொன்னார், நான் அவருக்குத் திருப்பிச் சொன்னேன், அவர் டவருக்குச் சொன்னார். இடையிடையே காரணமில்லாமல் "கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டார். கடைசியில் நனைந்த ஓடுபாதையில் நான் இறங்க அனுமதி வந்தபோது, நான் அதைத் திருப்பிச் சொல்லி, "ஒண்ணேய்" என்றும் சேர்த்தேன். யோசித்துச் செய்ததில்லை, வாயில் வந்துவிட்டது. கேப்டன் கையெழுத்துப் போட்டார். அவர் காதில் அன்றைக்குப் பஞ்சு இல்லை.

நடந்ததை மாணிக்கம் சொன்னார். நான் கூப்பிட்டதெல்லாம் டவருக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்ததாம். அவர்கள் சொன்ன பதில்தான் எனக்குக் கேட்கவில்லை. கிளப் ஆபீஸில் இருந்த ரேடியோவில் கேப்டனும் தொண்டை வற்றக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். தம் பாடத்துக்காகக் காத்திருந்த அண்ணாச்சி எழுந்து வந்து, "தள்ளுங்க கேப்டன் சார், தூரத்துக்குப் பேசுத முறை இது இல்ல" என்று மைக்கைப் பிடுங்கிவிட்டார். "அவுரு கத்தலால இல்லம்மா, நீ குமிழைத் தொறந்தே பாரு, அதான் மேட்டரு" என்று மாணிக்கம் அடித்துச் சொன்னார். தாம் கத்தியதால்தான் என்று அண்ணாச்சி கடைசிவரை நம்பினார். நான் இந்த வழக்கில் தீர்ப்பு சொன்னதில்லை. கத்தலும் அவருடையது, குமிழைத் திறக்கச் சொன்ன புத்தியும் அவருடையது.

அதற்கு அவர் கொடுத்த விலை சின்னதில்லை. ரேடியோவில் பேச லைசென்ஸ் இல்லாத ஆள், அதுவும் தமிழில், ஊர்ப்பட்ட விமானங்கள் கேட்கப் பேசினார் என்று மேலிடத்துக்குப் புகார் போயிற்று. அவருடைய ரேடியோப் பரீட்சை காலவரையின்றித் தள்ளிப்போடப்பட்டது. அந்தத் தீபாவளிக்கும் தி.நகர் வானத்தில் நோட்டீஸ் பறக்கவில்லை.

அம்மா விஷயத்தைக் கேள்விப்பட்டதும் புடவை மாற்றிக்கொண்டாள். "அந்த மனுஷரைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிண்டு வரணும், வா" என்று என்னைப் பஸ்ஸில் ஏற்றித் தி.நகருக்கு அழைத்துப்போனாள். தீபாவளிக் கூட்டத்தில் கடை பிதுங்கியது. கல்லாவுக்கு எதிரே நின்று அம்மா கைகூப்பி ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

"என்ன சொல்லுதாவ?" என்று அண்ணாச்சி என்னைக் கேட்டார்.

அம்மா மறுபடி சொன்னாள். அவர் காதைக் கையால் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "கேக்கலையே தாயி!"

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நன்னா இருங்கோன்னு சொன்னேன்!"

கடையே நின்றுவிட்டது. புடவையை விரித்த கைகள் விரித்தபடி நின்றன. ஒரு கணம் கழித்து, மேல் மாடியிலிருந்து, வழக்கம் மாறாமல், ஒரு குரல் திரும்பி வந்தது.

"நன்னா இருங்கோ ஒண்ணேய்!"

அண்ணாச்சி சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நோட்டீஸ் வெறும் காகிதம்தானே தாயி. பிள்ளை வந்து சேந்துச்சுல்லா" என்றார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அவருக்கு லைசென்ஸ் கடைசிவரை வரவில்லை. எனக்கு வந்தது. கும்பகோணத்து வரனுக்கு வேறு இடத்தில் கல்யாணமாயிற்று, நன்றாக இருக்கிறார் என்று கேள்வி. அடுத்த தீபாவளிக்கு முறையாக அனுமதி வாங்கி, நான் ஓட்ட, அண்ணாச்சி பக்கத்து ஸீட்டில் மடி நிறைய நோட்டீஸோடு உட்கார்ந்தார். கிளம்புமுன் ஹெட்ஃபோனை அவருக்கு மாட்டிவிட்டு, அவர் கேட்காமலே ஸ்க்வெல்ச்சை முழுக்கத் திறந்துவைத்தேன். பனகல் பார்க்குக்கு மேலே காற்றைப் பார்த்து, கணக்குப் பண்ணி, "இப்போ!" என்று கத்தினேன். "இப்போ ஒண்ணேய்!" என்று அவர் அள்ளி விட்டார். காகிதம் பூராவும் பார்க்குக்கு மேலே சுழன்றது. ஒரு கத்தை மட்டும் வழக்கம்போலக் கடலைப் பார்த்துக் கிளம்பிற்று. "போட்டும், பாலவாக்கத்துக்காரங்க வாடிக்கையை விட முடியுமா" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் பறந்தேன். ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் அந்தக் குமிழைக் கடைசிவரை திறந்து இரைச்சலைக் கேட்பேன். பிறகு அதை மெல்ல மூடுவேன், முழுக்க அடைக்காமல் ஓர் இழை விட்டு. என்னிடம் விமானம் கற்றவர்கள், காதுக்கு எரிச்சலாக இல்லையா என்று கேட்பார்கள். தூரத்துக் குரல் கேட்பதற்காக என்று சொல்லிவைப்பேன். அதுவும் உண்மைதான். அந்த இரைச்சல் கேட்டால் அண்ணாச்சி இன்னும் லைனில் இருக்கிறார் என்று எனக்கு அர்த்தம். அதை அவர்களிடம் சொன்னதில்லை.